சொன்னவர் முதல் குற்றவாளி

1975 ஜூன் கடைசியில் நெருக்கடி நிலை வந்தபோது கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு ஒரு விசித்திரமான வசதி இருந்தது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் வேறு காற்று. இந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் சி. அச்சுத மேனன் முதலமைச்சர், கே. கருணாகரன் உள்துறை அமைச்சர். தில்லி சொன்னதைக் கேட்டு நடக்கும் அரசு. அந்தப் பக்கம் சென்னையில் மு. கருணாநிதி. நெருக்கடி நிலையைக் கண்டித்து ஜூன் 27-ஆம் தேதியே தி.மு.க. செயற்குழு தீர்மானம் போட்டுவிட்டது. பத்திரிகைத் தணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆள் பிடிப்பது ஒன்றாக இல்லை. வடக்கே தேடப்பட்டவர்கள்கூடத் தமிழ்நாட்டுக்கு வந்து மூச்சு விட்டார்கள். 1976 ஜனவரி 31-ல் அந்த ஆட்சியைக் கலைத்தார்கள். ஏழு மாத வித்தியாசம் ஒரே ராத்திரியில் தீர்ந்தது.

வீட்டில் தமிழ், சித்தூர் தாலுகா ஆபீசில் மலையாளம் என்று வாழும் ஊர் இது. டீக்கடையில் மாத்ருபூமியும் தினத்தந்தியும் ஒரே பெஞ்சில் கிடக்கும். அந்த இருபத்தொரு மாதம் இரண்டு மொழிப் பத்திரிகைகளிலும் ஒரே செய்திதான், ஒரே மாதிரி. ரயில் நேரத்துக்கு வருகிறது, அரசு அலுவலகத்தில் ஆள் இருக்கிறது, பேச்சைக் குறைத்து வேலையைப் பார். பாலக்காடு மாவட்டத்துக்குப் போலீஸ் ஜீப் புதிதும் இல்லை. 1970 ஜூலையில் கோங்காட்டில் நக்சலைட்டுகள் ஒரு நிலக்கிழாரைக் கொன்ற நாளிலிருந்தே முண்டூர், கோங்காடு பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தும் பழக்கம் உண்டு. அது கிழக்கே நம் எல்லை வரைக்கும் பரவியிருந்தது. நக்சல் என்று பேர் வைத்துவிட்டால் அவனை யாரும் தேட மாட்டார்கள் என்பது போலீசுக்கும் தெரியும், ஜனங்களுக்கும் தெரியும்.

கோழிக்கோட்டில் ஒரு அப்பா மட்டும் தேடினார்.

டி.வி. ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். மகன் ராஜன் சாத்தமங்கலத்தில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தான். பாடுவான், நாடகம் போடுவான். 1976 பிப்ரவரி 28-ல் காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். மறுநாள் இரவே, பிப்ரவரி 29 கழிந்து மார்ச் 1 விடியும் முன், விடுதியிலிருந்து ராஜனையும் இன்னொரு மாணவனையும் போலீஸ் கொண்டுபோயிற்று. கக்கயத்தில் மின்வாரிய முகாமில் குற்றப்பிரிவின் விசாரணைக்கூடம். பெஞ்சில் மல்லாத்திக் கட்டி, தொடையின் மேல் கனத்த உலக்கையை வைத்து இரண்டு பேர் உருட்டுவார்கள். கேரளப் போலீஸ் பேச்சில் அதற்கு உருட்டல் என்றே பெயர். தோல் கிழியாது, உள்ளே சதை பிரியும். மார்ச் 2-ஆம் தேதி ராஜன் இறந்தான். உடல் இன்று வரை கிடைக்கவில்லை.

கல்லூரி முதல்வர் கே.எம். பஹாவுதீன் கொடுத்த தகவலை வைத்துக்கொண்டு வாரியர் ஏறாத படி இல்லை. உள்துறை அமைச்சரிடம் போனார், முதலமைச்சரிடம் போனார், குடியரசுத் தலைவர் வரைக்கும் எழுதினார். நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். போக முடியாது. 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர். உடன்பட்ட நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். அந்தத் தீர்ப்பை 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றமே தவறென்று தள்ளியது. அப்போது எழுதியவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். நாற்பத்தொரு வருஷம் கழித்து வந்த அந்தத் திருத்தத்தை அன்றைக்குப் படியேறிய யாருக்கும் பயன்படுத்த முடியாது என்றாலும், எழுதி வைத்திருக்கிறது என்பது ஒன்று.

1977 மார்ச் 21-ல் நெருக்கடி நிலை விலகியது. நாலாம் நாள், 25-ஆம் தேதி, வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அதே நாளில்தான் கருணாகரன் முதலமைச்சராகப் பதவி ஏற்றார்.

இந்த இடத்தில் நம் மாநிலத்தைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வடக்கே அந்தத் தேர்தலில் இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார், காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. கேரளத்தில் 20 மக்களவைத் தொகுதியும் காங்கிரஸ் கூட்டணிக்கு. சட்டமன்றத்தில் 140-க்கு 111. கொழிஞ்சாம்பாறையும் அந்தக் கேரளத்துக்குள்தான் இருக்கிறது. ஆட்சி மாறிய பின் பழைய ஆட்சியின் குற்றத்தை என்ன செய்வது என்று உலகமெங்கும் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். இங்கே ஆட்சியே மாறவில்லை. குற்றம் செய்த இலாகாவைக் கையில் வைத்திருந்தவருக்கு ஜனங்கள் பதவி உயர்வு கொடுத்தார்கள். மன்னிப்பு முதலில் வந்தது. உண்மை பிறகுதான் வந்தது, அதுவும் ஓட்டுப் பெட்டி வழியாக வரவில்லை.

நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலிதும் வழக்கை மூன்று வாரத்தில் முடித்தார்கள். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசு சத்தியம் செய்தது. கல்லூரி முதல்வர் பஹாவுதீனும் விடுதிப் பிள்ளைகளும் கண்ணால் பார்த்ததைக் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். ஏப்ரல் 13-ல் தீர்ப்பு: ராஜனைப் போலீஸ் கொண்டுபோனது உண்மை, 21-ஆம் தேதிக்குள் நீதிமன்றத்தில் நிறுத்து. நிறுத்த ஆள் இல்லை. ஏப்ரல் 25-ல் கருணாகரன் ராஜினாமா செய்தார். அடுத்த மாதம் அரசு புதிய பிரமாணப் பத்திரம் போட்டது: ராஜன் போலீஸ் காவலில் 1976 மார்ச் 2-ல் இறந்துவிட்டான்.

மனு நடந்த காலத்துக்குள்ளேயே இன்னொரு காட்சியும் நடந்தது. புதிய சட்டமன்றத்தில் கூத்துப்பறம்பின் இளம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, நெருக்கடி நிலையில் தன்னைப் போலீஸ் ஸ்டேஷனில் அடித்த அடியை விவரித்தார், ரத்தக்கறைச் சட்டையோடு. அவர் பெயர் பினராயி விஜயன். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ராஜன் வழக்கின் குற்ற விசாரணை கேரளத்தில் நடக்கவில்லை. கோயம்புத்தூருக்கு வந்தது. கேரளப் போலீஸின் டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் முதலானவர்கள் கோவை செஷன்ஸ் நீதிமன்றக் கூண்டில் நின்றார்கள். நம் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் தேங்காய் விலை கேட்கவும் போகிற அதே கோவை. படிக்கல் தண்டிக்கப்பட்டார். கொலைக்கு அல்ல, சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு. உடல் இல்லாத கொலையை நிரூபிக்க முடியவில்லை. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனையும் போயிற்று. பொய்ச் சத்தியம் செய்தார் என்று கருணாகரன் மேல் நடந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை ஏறி இறங்கி, கடைசியில் விடுதலையில் முடிந்தது.

பிறகு? கருணாகரன் மறுபடியும் முதலமைச்சரானார். 1981-ல், 1982-ல், 1991-ல். படிக்கல் கேரளப் போலீஸின் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். ராஜனின் அம்மா மனம் பேதலித்து, மகன் வருவான் என்று காத்திருந்தே 2000-ல் இறந்தார். வாரியர் எழுதிய நினைவுக் குறிப்பு கேரள சாகித்ய அகாடமி விருது பெற்றது. 2006-ல் அவரும் போனார். ஷாஜி என். கருண் 1988-ல் எடுத்த ‘பிறவி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அந்தக் கிழவரின் முகம் மறக்காது.

இந்தியாவில் பொதுமன்னிப்புச் சட்டம் என்று ஒன்று நெருக்கடி நிலைக்குப் பின் வரவில்லை. தேவைப்படவில்லை என்பதே என் கணக்கு. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி போன பிறகு, வழக்குகளை முடித்துக்கொள்ள 1986-லும் 1987-லும் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. சிலியில் பினோசே 1978-லேயே தனக்குத் தானே மன்னிப்பு எழுதிக்கொண்டார். நமக்கு எதற்கு? அரசு ஊழியர் மேல் வழக்குப் போட அரசின் அனுமதி வேண்டும் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு இருந்தது. மேல்முறையீடு இருந்தது. இடமாற்றமும் பதவி உயர்வும் இருந்தன. முக்கியமாக, அடுத்த தேர்தல் இருந்தது.

தில்லியில் நடந்ததும் இதே கதை, பெரிய அளவில். 1977 மே மாதம் ஜனதா அரசு நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் போட்டது. இந்திரா காந்தி வந்தார், சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல மறுத்தார். 1978-ல் மூன்று அறிக்கைகள் வந்தன. 1979-ல் தனி நீதிமன்றங்களுக்குச் சட்டமும் வந்தது. 1980 ஜனவரியில் இந்திரா திரும்பி வந்ததும் தனி நீதிமன்றங்கள் கலைந்தன. அறிக்கைப் பிரதிகள் கண்ணில் படாமல் போயின. முப்பது வருஷம் கழித்து, 2010-ல், பழைய நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன் தன்னிடம் இருந்த பிரதியைத் தேடியெடுத்துச் சென்னையில் மறுபடி அச்சிட்டார். ஒரு அரசாங்கத்தின் ஆவணத்தைக் காப்பாற்றும் வேலை ஒரு கிழவரின் புத்தக அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் தன் பங்கு உண்டு. 1976 பிப்ரவரியில் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகளை அடித்த அடியை நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அடித்தது உண்மை என்று சொன்னது. மு.க. ஸ்டாலின் மேல் விழுந்த அடியைத் தாங்கிய முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிர்விட்டார். ஆணையத்தின் அறிக்கை வந்து மூன்று வருஷம் ஆகவில்லை, 1980 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. இந்திரா காங்கிரசோடு கூட்டணி வைத்தது. அரசியலில் கூட்டணி தவறு என்று நான் சொல்லவரவில்லை. எழுதப்பட்ட உண்மையை வைத்து ஒரு சிறை அதிகாரியையாவது பொறுப்பாக்கியிருந்தால் அந்த மன்னிப்புக்கு ஒரு விலையிருந்திருக்கும்.

இதுவரை சொன்னதில் உண்மையை வெளியே கொண்டுவந்தது அப்பா, கல்லூரி முதல்வர், விடுதி மாணவர்கள், இரண்டு நீதிபதிகள். போலீஸ் உடுப்புக்குள்ளிருந்து ஒருவரும் இல்லை. உள்ளேயிருந்து வந்த முதல் குரலுக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

வயநாட்டில் ஆதிவாசிகளிடையே வேலை செய்த நக்சலைட் தலைவர் ஏ. வர்கீஸ் 1970 பிப்ரவரி 18-ல் திருநெல்லிக் காட்டில் கொல்லப்பட்டார். மோதல் என்றது போலீஸ். 28 வருஷம் அதுவே அரசாங்கக் கணக்கு. 1998-ல் மத்திய ரிசர்வ் போலீஸின் பழைய கான்ஸ்டபிள் பி. ராமச்சந்திரன் நாயர் வெளியே வந்து சொன்னார்: மோதல் ஒன்றும் இல்லை, பிடிபட்ட ஆளைச் சுட்டது நான், சுடச் சொன்னவர் டி.எஸ்.பி. கே. லட்சுமணா, மறுத்தால் நீயும் செத்தாய் என்றார். மனசு கேட்காமல் இதைப் பல வருஷம் முன்பே வர்கீஸின் தோழர் க்ரோ வாசுவிடம் சொல்லிவைத்திருந்தார்.

உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் முதல் குற்றவாளி யார்? ராமச்சந்திரன் நாயர். சட்டப்படி அது சரிதான், சுட்ட கை அவருடையது. ஆனால் சட்டத்தில் இன்னொரு கதவும் உண்டு. குற்றத்தில் பங்கெடுத்த ஒருவர் முழு உண்மையையும் சொன்னால் அவருக்கு மன்னிப்பளித்துச் சாட்சியாக்கலாம். கோர்ட் பேச்சில் அப்ரூவர். சந்தனக் கடத்தல், சிட் ஃபண்ட் மோசடி, கூலிக்கொலை எல்லாவற்றுக்கும் அப்ரூவர் கிடைக்கிறார். அரசாங்கமே செய்த கொலையைத் தானாக முன்வந்து சொன்னவர் குற்றவாளியாகவே 2006-ல் இறந்தார், விசாரணை முடியும் முன்.

2010 அக்டோபரில் எர்ணாகுளம் சி.பி.ஐ. நீதிமன்றம் லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர் ஐ.ஜி.யாக ஓய்வு பெற்று வயதாகியிருந்தார். அவருக்கு மேலிருந்து பின்னாளில் டி.ஜி.பி. ஆன அதிகாரி விடுதலை. லட்சுமணாவையும் சில வருஷங்களிலேயே முதுமையைக் காரணம் காட்டி மாநில அரசு வெளியே விட்டது. 2021-ல் வர்கீஸின் உடன்பிறந்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க அமைச்சரவை முடிவு செய்தது. கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இறந்தவர் வீட்டுக்குப் பணம், உத்தரவிட்டவருக்கு வயது சலுகை, அதற்கு மேலே இருந்தவருக்கு விடுதலை. உண்மை சொன்னவருக்கு முதல் குற்றவாளிப் பட்டம்.

அதே 1998-ல், ஜூலை மாதம், கொழும்பு நீதிமன்றத்திலும் ஒரு கடைநிலைச் சிப்பாய் வாய் திறந்தார். 1996-ல் யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், அவளைத் தேடிப் போன அம்மா, தம்பி, அண்டை வீட்டுக்காரரும் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைந்துள்ளன என்றார். 1999-ல் தோண்டி 15 எலும்புக்கூடுகள் எடுத்து மூடிவிட்டார்கள். 2025-ல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், மறுபடி தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. பள்ளிப் பையோடு ஒரு குழந்தையும். சொன்னவர் நல்லவர் இல்லை. அவர் சொன்னது உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கையில் பிடிக்கத் தெரியாத அரசுகள் 27 வருஷம் வீணாக்கின.

தென்னாப்பிரிக்கா பிடிக்க முயன்றது. நிறவெறி ஆட்சி போனபின் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-ல் தொடங்கிய விசாரணைகளில் ஒப்பந்தம் வெளிப்படை: அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை ஒளிக்காமல் சொல், மன்னிப்பு கேட்டு மனுப் போடு, சொல்லாதவன் மேல் வழக்கு வரும். 7,112 மனுக்களில் 849 பேருக்கே மன்னிப்பு கிடைத்தது. ஒப்பந்தத்தின் மறுபாதி நடக்கவில்லை. சொல்லாதவர்கள் மேல் வழக்கு வரவில்லை. போலீஸ் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து தானே குதித்தார் என்று 1971-ல் கணக்கு முடிக்கப்பட்ட அகமது திமோல் வழக்கு, 2017-ல்தான் கொலை என்று தீர்ப்பாயிற்று. குற்றம் சாட்டப்பட்ட பழைய போலீஸ்காரர் விசாரணைக்கு முன் 2021-ல் இறந்தார். வழக்குகள் ஏன் தேங்கின, யார் தடுத்தது என்று விசாரிக்க 2025-ல் அந்த நாட்டுக் குடியரசுத் தலைவர் ஆணையம் அறிவித்தார். ஆக, டூட்டுவை மேற்கோள் காட்டி மன்னிப்போம் என்று மேடையில் முழங்குபவர்கள் ஒப்பந்தத்தின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

இன்றைய பாலக்காட்டுக்கு வருவோம். 2010 மார்ச்சில், பாலக்காடு புத்தூரில் நடந்த ஒரு கொலைக்காகப் பிடிபட்ட சம்பத் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். அடித்த இடம் ஸ்டேஷன் இல்லை, மலம்புழாவில் ஆற்றோர விடுதி ஒன்று. கக்கயம் முகாமுக்கும் இதற்கும் கட்டடம்தான் வேறு. உயர் நீதிமன்றம் தலையிட்டு சி.பி.ஐ. வந்தது, மேலதிகாரிகள் பெயர் ஏறியது, இறங்கியது. 2005-ல் திருவனந்தபுரம் கோட்டை ஸ்டேஷனில் உதயகுமார் என்ற இளைஞர் இறந்தது அச்சு அசலாக அதே உருட்டலில். உலக்கைக்குப் பதில் இரும்புக் குழாய். 2018-ல் இரண்டு போலீஸ்காரர்களுக்கு மரண தண்டனை விதித்தபோது கேரளமே அதிர்ந்தது. 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. மகனுக்காகப் பல வருஷம் கோர்ட் ஏறிய தாய் பிரபாவதி அம்மா கண்ட பலன் அது.

வடக்கே, நம் மாவட்டத்து அட்டப்பாடி. 2019 அக்டோபர் கடைசியில் மஞ்சக்கண்டிக் காட்டில் கேரளப் போலீஸின் தண்டர்போல்ட் படை நாலு மாவோயிஸ்டுகளைச் சுட்டுக் கொன்றது. அதில் ஒருவர் சேலம் மாவட்டத்துக்காரரான மணிவாசகம். போலீஸ் மோதல் என்றது. ஆளும் கூட்டணிக்குள்ளேயே இருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, ஆள் அனுப்பி விசாரித்து, இது மோதலாகத் தெரியவில்லை என்றது. 1976-ல் முதலமைச்சர் நாற்காலியில் இருந்த அதே கட்சிதான். போலீஸ் சொன்னதே சரி என்று சட்டமன்றத்தில் நின்றவர் அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன். போலீஸ் இலாகாவும் அப்போது அவர் கையில்தான் இருந்தது. 1977-ல் சட்டையைக் காட்டிய அதே உறுப்பினர். நாற்காலி ஆளை மாற்றுகிறது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்குத் தெரியாதது இல்லை என்பதுதான் கோபம்.

மாறவே இல்லை என்று சொன்னால் அது பொய். கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் இன்று பேப்பரை விடக் கைபேசியே அதிகம். 2020 டிசம்பரில் எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் சி.சி.டி.வி. வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால்தான், திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் ஸ்டேஷனில் 2023 ஏப்ரலில் இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி ஒருவரை அடித்த காட்சி, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே இரண்டரை வருஷப் போராட்டத்துக்குப் பின் 2025 செப்டம்பரில் வெளியே வந்தது. அன்று மாலைக்குள் அது இந்த ஊர்ப் பையன்கள் கையிலும் இருந்தது. கைது செய்யவே இல்லை என்று மறுக்கும் 1977 பாணி பிரமாணப் பத்திரம் இனி எளிதல்ல. கேமரா ஓடவில்லை, காட்சி அழிந்துவிட்டது என்ற புதிய பாணிதான் இப்போது.

என்னைக் கேட்டால் கேமராவை விடப் பெரிய மாற்றம் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் நடந்தது. 2020 ஜூனில் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, அடித்த இரவு அங்கே பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த கோவில்பட்டி நீதித்துறை நடுவரிடம், விடிய விடிய அடித்தார்கள் என்று சொன்னார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததையும் சொன்னார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்று மிரட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார். ராமச்சந்திரன் நாயருக்கு 28 வருஷம் பிடித்தது, ரேவதிக்கு சில நாட்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை அவருக்குப் பாதுகாப்பும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்கச் சொன்னது. 2018-ல் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த பின்னணியும் இதற்கு உண்டு. அவர் அடித்தவர் இல்லை, பார்த்தவர். ஆகவே அவருக்கு மன்னிப்பு என்ற கேள்வியே எழவில்லை. அதே வழக்கில் 2025-ல் இன்ஸ்பெக்டர் தானே அப்ரூவராக மாற மனுக் கொடுத்தார். சி.பி.ஐ. எதிர்த்தது, நீதிமன்றம் தள்ளியது. சரியாகத்தான் தள்ளியது. கீழே உள்ளவனைக் காட்டி மேலே உள்ளவன் தப்புவதற்கு அந்தக் கதவு வைக்கப்படவில்லை.

வர்கீஸ் வழக்கில் அந்தக் கதவைக் கான்ஸ்டபிளுக்குத் திறந்திருக்க வேண்டும். என் கருத்து இவ்வளவுதான். காவல் மரணத்திலோ போலி மோதலிலோ கை வைத்த கடைநிலைக் காவலர் குறித்த காலத்துக்குள் முழு உண்மையைச் சொன்னால் அவருக்குத் தண்டனையில் விலக்கு. உத்தரவிட்டவருக்கு எந்தக் காலத்திலும் விலக்கில்லை. இழப்பீட்டைக் கஜானாவிலிருந்து எடுக்காமல் பொறுப்பானவரின் ஓய்வூதியத்திலிருந்து எடு. இறந்தவர் எங்கே புதைந்தார், எங்கே எரிந்தார் என்ற விவரம் சொல்லாத எந்த வாக்குமூலத்தையும் முழு உண்மையாக ஏற்காதே. ஆயுதத்தைக் கீழே போட்டு வரும் மாவோயிஸ்டுக்குச் சரணடைதல் திட்டம் 2018-லிருந்து கேரளத்தில் இருக்கிறது. பணம், வீடு, வேலைப் பயிற்சி எல்லாம் உண்டு. நல்ல திட்டம். லத்தியைக் கீழே போட்டு உண்மையோடு வரும் காவலருக்கு அப்படி ஒரு திட்டம் ஏன் இல்லை?

2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபின் பழைய 197-ஆம் பிரிவு 218-ஆகியிருக்கிறது. அனுமதி கேட்டு 120 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய வரி. அதே 2024-ல் ஜூன் 25-ஐ அரசியல் சாசனப் படுகொலை நாள் என்று மத்திய அரசு அறிவித்தது. அன்று எல்லாக் கட்சி மேடையிலும் ராஜன் பெயர் வரும். தன் ஆட்சியில் இறந்தவர் பெயர் எந்த மேடையிலும் வராது. கக்கயம் இப்போது அணையும் அருவியும் பார்க்கப் போகும் சுற்றுலாத் தலம். ராஜனுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. போகிறவர்கள் பத்து நிமிஷம் அங்கேயும் இறங்குங்கள், பிள்ளைகளிடம் யார் என்று சொல்லுங்கள்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14-ல் கையெழுத்துப் போட்டது. அதை நிறைவேற்ற ஒரு மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, அதற்கப்பால் நகராமல் காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-ல் தன் 273-ஆம் அறிக்கையில் மறுபடி வரைவு எழுதிக் கொடுத்தது. சட்டம் வரவில்லை, உடன்படிக்கைக்கு ஒப்புதலும் இன்னும் தரப்படவில்லை.